கண்ணாடி இல்லாத வீடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘பிறருக்கு வெளிச்சமாக வாழ்தல்’ என்ற பொருளில் பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடமான பொருள். அதனால்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. நன்றாகத் தெரிந்தது என்று நாம் நினைக்கும் ஒன்றைத் திரும்ப நின்று பார்ப்பது கடினம்.

மலைப்பிரசங்கத்தை வரிசையாக வாசிப்பவருக்கு ஓரிடத்தில் சிக்கல் எழும். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களின் வெளிச்சம் மனிதர் முன் தெரிய வேண்டும் என்கிறார். அவர்களுடைய நற்செயல்களை ஊரார் காண வேண்டும் என்கிறார். பக்கத்தைத் திருப்பி ஆறாம் அதிகாரத்துக்கு வந்தால், மனிதர் காண வேண்டும் என்று தருமம் செய்யாதீர்கள், வலது கை கொடுப்பது இடது கைக்கும் தெரிய வேண்டாம் என்கிறார். இரண்டும் ஒரே பிரசங்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. காட்டச் சொல்கிறாரா, மறைக்கச் சொல்கிறாரா?

இதற்கு உரையாசிரியர்கள் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. விளக்கைப் பற்றி அவர் சொன்ன உவமையையே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். விளக்கை மரக்காலின் கீழ் மூடி வைக்காமல் தண்டின் மேல் ஏற்றுவது, வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் வெளிச்சம் கிடைப்பதற்காக. இரவில் மின்சாரம் போன வீட்டுக்குள் அம்மா விளக்கோடு வரும்போது யாரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. குழந்தை எங்கே, தாத்தா எழுந்து தடுமாறுகிறாரா, தட்டில் இருக்கும் சோறு எது, குழம்பு எது என்றுதான் பார்க்கிறோம். அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிவது. விளக்கு உயரத்தில் இருப்பதும் அதற்காகத்தான். இப்படிப் படித்தால் இரண்டு அதிகாரங்களுக்கும் இடையே எனக்கு முரண் தெரியவில்லை. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். விசுவாசத்தின் வெளிச்சம் விசுவாசியைக் காட்டுவதற்காக ஏற்றப்படுவதில்லை. இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தவரைக் காட்டுவதற்காக ஏற்றப்படுகிறது.

இதை வசனங்களைக் கொண்டு நிறுவுவதைவிட ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். வரலாறு நடந்த இடம் நமக்குப் பக்கம். கொல்லிமலை, செங்கல்பட்டு, வேலூர்.

கொல்லிமலையைத் தமிழ் படித்தவர்கள் சங்க இலக்கியம் வழியாக அறிவோம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சிரித்து ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் மலை. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும் அங்கே இருக்கின்றன. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலை கிடையாது. நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். சமவெளிக்காரர்கள் அந்த மலையை அஞ்சியதற்குப் பாவை காரணமல்ல. மலேரியாதான் காரணம். போனவர்கள் காய்ச்சலோடு திரும்பினார்கள், சிலர் திரும்பவேயில்லை. ஆகவே மேலே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களைக் கீழே இருந்தவர்கள் அரிதாகவே பார்த்தார்கள்.

1913-இல் ஜெசி பிராண்ட் என்ற இளைஞரும் எவலின் என்ற பெண்ணும் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மணம் முடித்த கையோடு அந்த மலையில் ஏறினார்கள். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகள். எவலின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர், நல்ல உடையிலும் தொப்பியிலும் விருப்பம் கொண்டவர். ஜெசி முழு மருத்துவர் அல்லர். மிஷனரிகளுக்கென்று நடத்தப்பட்ட ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தார். அந்த ஓராண்டுப் படிப்பை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்.

நரம்புச் சிலந்தி என்ற நோயை இங்குள்ள இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உடலுக்குள் நீளமாக வளரும் புழு, கால் தோலில் கொப்புளம் எழுப்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். புழு அந்த நீரில் தன் குஞ்சுகளை விடும். அதே நீரை ஊர் குடிக்கும். வெளிவந்த புழுவை இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் பிடித்துவிடும். அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பல நாள் பொறுமையோடு வெளியே எடுக்க வேண்டும். ஜெசி அந்த வேலையைச் செய்தார். அதோடு நிறுத்தாமல், யாரும் கால் நனைக்க முடியாதபடி கல்கட்டிய கிணறுகளை அமைக்கச் செய்தார். இந்தியா முழுவதிலும் இந்த நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில். நம் ஆலயங்களில் சாட்சி சொல்லுங்கள் என்றால் எழுந்து நின்று பேசுவதையே நினைக்கிறோம். ஒருவர் காலருகே உட்கார்ந்து குச்சியில் புழுவைச் சுற்றுவதும் சாட்சிதான் என்று நான் நம்புகிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழும், அது நியாயமான கேள்வி. இதெல்லாம் மதம் மாற்றுவதற்கான தூண்டில்தானே என்று கேட்கலாம். நேராகவே பதில் சொல்கிறேன். மலை மக்கள் கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அதை ஒருநாளும் மறைக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவர்கூட அவர்களோடு சேரவில்லை. மருந்துப்பெட்டியும் மூடப்படவில்லை, கிணறு தோண்டுவதும் நிற்கவில்லை. பலன் கிடைக்காவிட்டால் நின்றுவிடுவதற்குத்தான் தூண்டில் என்று பெயர் வைக்க முடியும்.

பிறகு மலையில் கொள்ளைநோய்க் காய்ச்சல் பரவியது. அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் படுத்தார். ஊர் பயந்து விலகி நின்றது. ஜெசியும் எவலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபோது அந்தப் பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மலையில் சிறு சபை தோன்றியது. பூசாரியை நான் தோற்றவராகப் பார்க்கவில்லை. தன் பிள்ளைகளை யார் கையில் கொடுக்கலாம் என்று சாகும் நேரத்தில் சரியாகக் கணித்த தகப்பன் அவர்.

அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1923-இல் மகன் பாலையும் மகள் கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது. மலையில் மரமேறித் திரிந்த பிள்ளைகள் லண்டன் வீட்டுக்குள் அடைபட்டார்கள். தகப்பன் வாரந்தோறும் கடிதம் எழுதினார். 1929 ஜூனில் ஜெசி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார், வயது 44. தந்தி உடனே லண்டன் போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் வந்துகொண்டிருந்தன. தகப்பன் இறந்த செய்தி அறிந்த பிறகும் அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்கு அவர் கையெழுத்தில் கடிதங்கள் வந்தபடி இருந்தன. பெற்றோர் எடுத்த அந்த முடிவை என்னால் போற்ற முடியவில்லை. அக்கால மிஷனரிகள் பலரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது விளக்கமே தவிர ஆறுதல் ஆகாது. ஊருக்கு வெளிச்சமாக இருப்பவர் வீட்டுப் பிள்ளைகள் பல நேரம் இருட்டில் இருக்கிறார்கள். ஊழியக்காரர் குடும்பங்களில் பிறந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எவலின் ஓராண்டு இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பி வந்தார். மிஷன் அவரைக் கொல்லிமலையில் வைக்கவில்லை, சமவெளியில் வைத்தது. ஓய்வு வயது வந்தபோது, ஊருக்குப் போவதற்குப் பதிலாகத் தம் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தது, எழுந்து மறுபடி ஏறினார். நடை தளர்ந்த பிறகு இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு நடந்தார். பிராண்ட் பாட்டி என்று அழைக்கப்பட்ட அவர் 1974 டிசம்பரில், தம் 95-ஆம் வயதில் இறந்தார். அவர் உடல் மலைக்குக் கொண்டுபோகப்பட்டுக் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவரைப் பற்றி மகன் பால் எழுதிய ஒரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் அழகுக்குப் பெயர் பெற்ற பெண், ஓவியம் பயின்றவர். வெயிலும் காய்ச்சலும் சுருக்கம் விழச் செய்த தம் முகத்தைப் பார்க்க அவருக்கு அவசியம் தோன்றவில்லை. எதிரே வந்து நின்ற மலைப்பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பிரசங்கத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் ஆறாம் அதிகாரத்தையும் சேர்த்து வாழ்ந்த ஒருவரைக் காட்டு என்றால் நான் இந்த அம்மாவைத்தான் காட்டுவேன்.

இனி மகன் கதை.

சிறுவன் பாலுக்கு மருத்துவம் பிடிக்கவில்லை. சீழையும் ரத்தத்தையும் தகப்பன் கையில் பார்த்து அருவருத்தவன். ஒருநாள் தொழுநோயாளர் மூவர் மலை வீட்டுக்கு வந்தார்கள். வழக்கமாக எவரையும் வெறுங்கையால் தொட்டு மருத்துவம் செய்யும் தகப்பன் அன்று கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கும்படி சொல்லப்பட்டார்கள். வந்தவர்களின் கால்களைத் தகப்பன் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பினார். இரக்கமும் இருந்தது, அச்சமும் இருந்தது. அந்தக் காலத்தில் மருத்துவ அறிவு அவ்வளவுதான். நோய்க்கிருமியை ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்திருந்தாலும், நோயைத் தீர்க்கும் மருந்து 1940-களில்தான் வந்தது.

பள்ளி முடித்த பால் கட்டட வேலை கற்கப் போனார். தச்சு, கொத்து வேலை எல்லாம் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றார். அதன் பிறகே மருத்துவத்துக்கு வந்து, லண்டனில் போர்க்காலக் குண்டுவீச்சுகளுக்கு நடுவே அறுவை மருத்துவரானார். 1946-இல் டாக்டர் ராபர்ட் காக்ரன் அழைப்பின் பேரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி தொடங்கிய சிறு மருத்துவப் பணி அதற்குள் கல்லூரியாக வளர்ந்திருந்தது.

காக்ரன் தொழுநோய் வல்லுநர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு பால் பிராண்டை அழைத்துப் போனார். 1947 அது. அங்கே மடங்கிச் சுருண்ட கைகளைப் பார்த்த பிராண்ட் கேட்டார், இந்தக் கைகளுக்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அத்தனை லட்சம் பேருக்கு வரும் ஊனத்தை ஆராய்ந்த அறுவை மருத்துவர் ஒருவரும் இல்லை. மடங்கிய கை ஒன்றைப் பிடித்து, முடிந்த மட்டும் இறுக்கு என்றார் பிராண்ட். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தார். நகங்கள் பதிந்து அவர் கை வலித்தது. அந்தக் கையில் வலிமை மிச்சம் இருந்தது.

அந்தக் கணத்தைத்தான் இன்றைய சொற்பொழிவின் நடுவில் வைக்க விரும்புகிறேன். அந்தக் கையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். பார்த்து இரங்கியவர்களும் உண்டு, சோறு போட்டவர்களும் உண்டு. பற்றிப் பார்த்தவர் அதுவரை இல்லை. தகப்பன் கையுறையோடு தொட்டதை மகன் வெறுங்கையால் பற்றினார். பற்றியதால்தான் உண்மை தெரிந்தது.

தொழுநோய் நரம்புகளைத் தாக்குகிறது. அதிலும் தோலை ஒட்டி, குளிர்ந்த இடங்களில் ஓடும் நரம்புகளை, முழங்கை ஓரத்திலும் மணிக்கட்டிலும், அதிகம் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கின்றன. விரல் மடங்கி நிற்பதற்கு இந்தச் சமன்குலைவே காரணம். அப்படியானால் நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து, வழிமாற்றி, செயலிழந்த தசையின் வேலைக்கு இணைக்கலாம். அடுத்த ஆண்டுகளில் வேலூரில் அதைச் செய்து காட்டினார்கள். தொழுநோயாளரின் கைக்கு இப்படிப்பட்ட சீரமைப்பு அறுவை உலகிலேயே அங்கேதான் முதலில் நடந்தது. இதில் பிராண்டுக்குத் தச்சுத் தொழில் உதவியது. கயிறும் கப்பியும் எப்படி இழுக்கும் என்று அறிந்த கை அது.

ஒரு தவறான நம்பிக்கையும் அங்கே உடைந்தது. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று மருத்துவர்கள்கூட நம்பினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியுமளவு வெட்டுப்பட்டிருந்தது, பையனுக்குத் தெரியவில்லை. இரவில் தூங்கி எழும் சிலருக்கு விரல் நுனி காணாமல் போயிருந்தது. ஓர் இரவு காவலிருந்து பார்த்தபோது எலி வந்து கடித்தது தெரிந்தது. வலியில்லாததால் நோயாளி விழிக்கவில்லை. வார்டுகளில் பூனை வளர்த்தார்கள். சதை தானாக அழுகுவதில்லை, வலி என்ற காவல் இல்லாமல் போனதால் சேதமாகிறது என்று தெரிந்தது. அதன் பின்தான் காயம் படாமல் பாதுகாக்கும் காலணிகள், பிடி மாற்றிய கருவிகள் எல்லாம் வந்தன. வலி கடவுளின் கொடை என்று பிராண்ட் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இந்த அனுபவமே அடிப்படை.

ஒரு நோயாளியின் தோளில் கைவைத்து, என்ன சிகிச்சை செய்யப் போகிறோம் என்று பிராண்ட் விளக்கினார். நோயாளி விம்மி அழுதார். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று பிராண்ட் உதவியாளரைக் கேட்டார். பல ஆண்டுகளாக யாரும் தன்மேல் கை வைத்ததில்லை, அதனால் அழுகிறேன் என்கிறார் என்று உதவியாளர் சொன்னார். அந்தக் கண்ணீருக்கு முன்னால் நம் பிரசங்கங்கள் எல்லாம் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன!

கை நேரானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பிச்சை எடுத்து வாழ்ந்தவரின் விரல்கள் நிமிர்ந்ததும் பிச்சை விழுவது குறைந்தது. வேலை கொடுக்கவும் ஆளில்லை. ஆகவே 1951-இல் வேலூரில் புதுவாழ்வு மையம் ஒன்றை அமைத்தார்கள். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அங்கே தச்சு கற்றுத் தந்தார் பிராண்ட். மரப் பொம்மைகள் செய்தார்கள். கை கொடுத்தால் போதாது, கைக்கு வேலையும் கொடுக்க வேண்டும் என்று அறிந்த மனம் கொல்லிமலையில் உருவான மனம். அங்கே தகப்பனும் மருந்தோடு நிறுத்தாமல் பள்ளியும் தச்சும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் என்று இறங்கியிருந்தார். 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது.

பிராண்டின் மாணவி டாக்டர் மேரி வர்கீஸ் கேரளப் பெண். 1954-இல் வாகனம் கவிழ்ந்த விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். முகத்திலும் ஆழமான வடு. மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்று அவரே எண்ணினார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார் மேரி. கத்தி பிடித்தவருக்கும் மேசையில் கை நீட்டியவருக்கும் அங்கே அதிக வித்தியாசம் இல்லை. இருவரும் இழந்தவர்கள். மேரி வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தண்டுவடம் முறிந்த எத்தனையோ தமிழ் இளைஞர்கள் சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொண்டது அவர் எழுப்பிய இடத்தில்தான்.

மாணவர்களே, இவர்களை மகான்கள் என்று மாலை போட்டு நகர்ந்துவிட வேண்டாம். அது அவர்களை விளக்குத்தண்டில் ஏற்றி வைத்துவிட்டு வீட்டை இருட்டில் விடுவதாகும். தொழுநோய் முடிந்துபோன கதை இல்லை. 2005 முடிவில் நோய் நாட்டளவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் ஆண்டுதோறும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்கும் சட்டப்பிரிவுகள் 2019 வரை நம் நாட்டில் நீக்கப்படவில்லை. மருந்தால் முழுதும் குணமாகும் நோய் என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் சட்டத்தின் கண்ணுக்கு அந்த மனிதர் தெரியவில்லை. நம் வீடுகளில் இன்னும் தெரிவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது தெரிவதில்லை, திருவிருந்துப் பந்தியில் பக்கத்தில் வந்து நிற்கும்போது நாம் சற்றே நகர்கிறோம்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு சிறிய வேலையைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சி தெரியவில்லை என்றால், அதை மறைக்க விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. அந்த மாதங்கள் முழுவதும் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.